குடை நடுகிறவனின் லீவு

புஜைரா, ஐக்கிய அரபு எமிரேட்ஸ்
24.6.2007, ஞாயிறு

அன்பு மகன் சதீஷ்குமாருக்கு அப்பா எழுதுவது. முட்டிவலி ஒன்றைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையுமில்லை, அங்கே ஜெர்மனியில் நீயும் மருமகள் அருணாவும் பேத்தி தன்யாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க நம் அய்யனார் துணையிருப்பார். மாசத் தொடக்கத்தில் இங்கே வந்த புயலை டிவியில் பார்த்திருப்பாய், கடல் எங்கள் ஹோட்டல் பீச்சுக்குள் ஏறி வந்து பாதி மணலை வாரிக்கொண்டு போய்விட்டது, நல்லவேளை ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பீச்சில் நிழலுக்கு நடுகிற குடைகளை எல்லாம் நான் முந்தின நாளே பிடுங்கி ஸ்டோரில் அடுக்கிவிட்டேன். எதுக்கு இவ்வளவு அவசரம் என்று மேனேஜர் கேட்டார், மறுநாள் அவரே டீ வாங்கிக் கொடுத்தார். இருபத்திரண்டு வருஷமாகக் கடலோடு டூட்டி பார்க்கிறவனுக்கு இதுகூடத் தெரியாதா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்டில் துருக்கிக் கடற்கரையில் பத்து நாளுக்கு ரிசார்ட் எடுக்கிறேன், அம்மா ஊரிலிருந்து வரட்டும், நீங்கள் அங்கிருந்து வாங்க என்று இரண்டு வாரத்துக்கு முன்னால் போனில் ஆசையாகக் கூப்பிட்டாய். நான் கிடா மாதிரி முட்டினேன். "பொழுதன்னைக்கும் பீச்சுல கெடக்கறவனுக்கு இன்னொரு பீச்சு எதுக்குடா, அப்பன் மேல பரிதாபமா" என்று கேட்டுவிட்டேன். நீ "சரிப்பா, இனிமே கூப்பிடல" என்று வைத்துவிட்டாய். அதற்கப்புறம் உன் குரலே இல்லை. சண்டைக்கு முன்பே நீ தபாலில் அனுப்பியிருந்த அந்த ஹோட்டலின் கலர் புத்தகம் மட்டும் முந்தாநாள் வந்து சேர்ந்தது. உனக்கு நான் சொல்ல வேண்டிய பதில் ஒன்று இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். புத்தகத்தைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை, முதலில் இதைக் கேட்டுக்கொள். அப்பனுக்குக் கோபம் வரும், ஆனால் தொழில் தெரியும்.

படத்தை வெளிச்சத்தில் வைத்து நன்றாகப் பார்த்தேன். கரையில் கிடப்பது முழுக்க மணல் இல்லை, தண்ணீர் ஓரத்தில் கூழாங்கல். தண்ணீருக்குள் போட்டுக்கொண்டு இறங்குகிற ரப்பர் செருப்பு எல்லோருக்கும் வாங்கு, இல்லாவிட்டால் முதல் நாளே தன்யா தூக்கு தூக்கு என்பாள், பத்து நாளும் உன் இடுப்பில்தான் இருப்பாள். அப்புறம் நீ இருக்கிற நாட்டுக்காரர்களைப் பற்றி எனக்குத் தெரியும், விடியும்போதே வந்து சாய்வு நாற்காலியில் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டுச் சாவகாசமாகச் சாப்பிடப் போய்விடுவார்கள், நம் ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறார்களே, அதே கதைதான். நீ அவர்களோடு மல்லுக்கட்டாதே. குடை நடுகிற ஆளிடம் முதல் நாளே பேர் கேட்டு இரண்டு வார்த்தை சிரித்துப் பேசு, மறுநாளிலிருந்து நல்ல இடம் தானாக வரும், இதை ஒரு குடைக்காரனே சொல்கிறேன். சிவப்புக் கொடி ஏறியிருந்தால் யார் என்ன சொன்னாலும் தண்ணீரில் கால் வைக்காதே. காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும்போது காற்றடைத்த மெத்தையில் குழந்தையை ஏற்றாதே, கண்ணை மூடித் திறப்பதற்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். குடைக் கம்பியில் அருணாவின் பழைய சிவப்புத் துப்பட்டாவைக் கட்டிவிட்டு இதுதான் நம் வீடு என்று தன்யாவுக்குக் காட்டி வை. அதையும் மீறிப் பிள்ளை காணாமல் போனால் பதறி நாலாபக்கமும் ஓடாதே, சின்னப் பிள்ளைகள் முகத்தில் வெயில் அடிக்காத பக்கமாகத்தான் நடக்கும், முதுகில் வெயில் படுகிற திசையில் போய்த் தேடு. இப்படித் தேடி நான் கண்டுபிடித்துக் கொடுத்த பிள்ளைகள் நாற்பதுக்குக் குறையாது.

காலையில் பத்தரை வரைக்கும் தண்ணீர், பிறகு சாயங்காலம் நாலுக்கு மேல்தான், நடுவில் பிள்ளையைத் தூங்க வை. வாழைப்பழ போட் என்று ஒன்று இழுத்துக்கொண்டு போவார்கள், அது பெரியவர்களைக் கவிழ்த்துவிட்டுச் சிரிப்பதற்கு, தன்யாவுக்கு வேண்டாம். அவளுக்குக் காலால் மிதித்து ஓட்டுகிற போட்டும் அடியில் கண்ணாடி வைத்த போட்டும் போதும், மீனைப் பார்த்தால் வாயை மூடமாட்டாள். பிள்ளைகளை விளையாட வைக்கிற கிளப்பு இருப்பதாகப் போட்டிருக்கிறது, ஒருநாள் விட்டு ஒருநாள் அவளை அங்கே விட்டுவிட்டு நீயும் அருணாவும் கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வாருங்கள், கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நீங்கள் இருவரும் தனியாக எங்கே போனீர்கள். சாப்பாட்டு மேஜையில் எல்லாவற்றையும் முதல் நாளே தட்டில் அள்ளாதே, ஓடிப்போய்விடாது. துருக்கித் தயிர் கெட்டியாக இருக்கும் என்று எங்கள் சமையல்காரர் சொன்னார், அம்மாவுக்கு அது போதும், ஊறுகாய் அவளே கொண்டுவருவாள்.

அம்மாதான் இதில் பெரிய ஆள். நான் வரமாட்டேன் என்று சொன்ன பிறகும் அவள் பாட்டுக்குப் பாஸ்போர்ட்டைத் தயார் செய்துவிட்டாள். கேட்டதற்கு, "நீங்க வந்தா வாங்க, வராட்டி அங்கயே குடைய நட்டுக்கிட்டு இருங்க, நான் எம் பேத்தியோட கடல்ல குளிக்கத்தான் போறேன்" என்றாள். கட்டின நாளிலிருந்து சரோஜா என்னிடம் இப்படிப் பேசியதில்லை, எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

சதீஷ், நான் வேண்டாம் என்றது பரிதாபத்துக்காக இல்லை. பயம். போன் சண்டைக்கு மறுநாள் திங்கள், எனக்கு ஆஃப். உன்னிடம் அப்படிப் பேசியது மனசை அரித்துக்கொண்டே இருந்தது, ஒரு நாள் நாமும் கெஸ்ட் மாதிரி உட்கார்ந்துதான் பார்ப்போமே என்று என் ரூமில் இருக்கும் டிரைவர் நூஹுவைக் கூட்டிக்கொண்டு கோர்பக்கான் பீச்சுக்குப் போனேன். நீ வாங்கித் தந்த கோடு போட்ட சட்டையைப் போட்டிருந்தேன். பாய் விரித்துப் பத்து நிமிஷம் உட்கார்ந்திருப்பேன், பக்கத்தில் ஒரு அரபிக் குடும்பத்தின் குடை காற்றில் சாய்ந்தது. என்னை அறியாமல் எழுந்து போய் அதைப் பிடுங்கிக் காற்றுக்கு எதிர்ச்சாய்வாக நட்டு, அவர்கள் துண்டை உதறி மடித்து வைத்துவிட்டேன். அந்த மனுஷன் ஷுக்ரன் என்று அரபியில் நன்றி சொல்லிப் பத்து திர்ஹாமை நீட்டினான், நானும் தேங்க்யூ சார் என்று வாங்கிக்கொண்டேன். நூஹு விழுந்து விழுந்து சிரித்தான். வண்டியில் வரும்போது மட்டும், "அண்ணே, உங்களுக்கு ஒக்காரத் தெரியல" என்றான். அங்கேயும் தன்யா கண் முன்னால் என் கை இப்படி யாரோ ஒருத்தன் துண்டுக்குப் போய்விடுமோ, நீ தலை குனிய வேண்டி வருமோ என்றுதான் பயந்தேன்.

ஏனென்றால் ஒருமுறை அது நடந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்குப் பன்னிரண்டு வயதில் அம்மாவோடு விசிட் விசாவில் வந்தாயே, அப்போது ஸ்டாஃப் வீட்டு ஆட்கள் பீச்சுக்குள் வரக்கூடாது என்று வாட்ச்மேன் நிறுத்திவிட்டான். நீ கம்பிவேலிக்கு வெளியே நின்றாய். நான் மணலில் முட்டி போட்டு ஒரு கெஸ்ட் பிள்ளைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். நீ பார்ப்பது தெரிந்தும் நான் திரும்பவில்லை. அப்பன் இந்த வேலையா பார்க்கிறான் என்று உனக்கு வெட்கமாகிவிட்டது என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். கோர்பக்கானிலிருந்து வந்து அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள் போனில் அழுதுவிட்டாள். அன்றைக்கு நீ அவளிடம், "அந்தப் புள்ளைக்கு அப்பா எவ்வளவு பதமா மாட்டிவிடறாரு, எனக்கு ஒருநாளும் மாட்டிவிட்டதில்லயேம்மா" என்று கேட்டாயாம். எனக்குத் தெரிந்தால் நான் இங்கே இருப்பு கொள்ளமாட்டேன் என்று அவள் பத்தொன்பது வருஷம் வாயைத் திறக்கவில்லை. மன்னித்துவிடு என்று பெற்ற பிள்ளையிடம் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன், மன்னித்துவிடு. போன திங்கள் மறுபடியும் கோர்பக்கான் போனேன். பக்கத்துக் குடை விழுந்தது, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்துவிட்டேன். ஆகஸ்டுக்குள் இன்னும் ஆறு திங்கள் இருக்கிறது, நன்றாகவே பழகிவிடுவேன்.

நேற்று ஆபீசுக்குப் போய் லீவு பாரம் வாங்கினேன். அதில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கட்டத்தில் தாயார் காரியம் என்று எழுதியிருக்கிறேன், தங்கச்சி கல்யாணம், வீட்டுக்கு கான்கிரீட், உன் கல்யாணம், முட்டி ஆபரேஷன் என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை பீச் ஹாலிடே என்று எழுதினேன். ஆபீஸ் பத்மநாபன் சார் நாகர்கோவில்காரர், அதைப் படித்துவிட்டு, "என்னவே ரெங்கராஜ், உமக்குக் கிறுக்கா, பீச்சுல இருந்து பீச்சுக்கா" என்று சத்தமாகச் சிரித்தார். "ஆமா சார், எம் மகன் கூப்பிட்டிருக்கான்" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பத்து நாள் கேட்டேன், பதினைந்து நாள் போட்டுக் கொடுத்தார்.

அருணாவுக்கும் தன்யாவுக்கும் என் ஆசிகள். நீ தீர்க்காயுசாக, மனம் நிறைந்து இருக்க வேண்டும். விசாவுக்கு உன் லெட்டர் ஒன்று வேண்டும், சீக்கிரம் அனுப்பு. முக்கியமாக ஒன்று, மறந்துவிடாதே. நான் வரமாட்டேன் என்றதும் ஹோட்டல் புக்கிங்கில் பெரியவர்கள் மூன்று பேர் என்று நீ மாற்றிவிட்டதாக அம்மா சொன்னாள். நாலு என்று திருத்து.

உன் அப்பா
ரெங்கராஜ்