ஐந்து விதிகளும் ஓர் அக்காவும்

பண்டாபெர்க்
ஆஸ்திரேலியா, செப்டம்பர் 3

லோசலின்,

நான் நலம். நீயும் சீலாவும் நலமாக இருக்க ஞாயிறுதோறும் வேண்டிக்கொள்கிறேன். சம்பிரதாயம் முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

நான்கு நாளாக நீ போனை எடுக்கவில்லை. உன் பெயரில் வரும் மெசேஜை நம்ப நான் தயாரில்லை. அதனால்தான் ஊருக்குத் திரும்பும் மாலாகாயிடம் இந்தக் காகிதம்.

வெள்ளிக்கிழமை, கிழங்கு கழுவும் கொட்டகையில் என்னோடு நம் ஊர்க்காரர்கள் பதினோரு பேர். எல்லோருடைய போனும் ஒன்றாக அடித்தது. எல்லாவற்றிலும் உன் பெயர். "அன்பே, என் புதுப் படத்தைப் பார், இங்கே அழுத்து." சாமுவேலா என் தோளைத் தட்டி, "கெலெபி, உன் பொண்டாட்டி என்னை அன்பேங்கிறாடா. உன்னை என்னன்னு கூப்பிடுவா?" என்றான். மாலை வரை சிரிப்பு. இரண்டு பேர் அழுத்தியும் விட்டார்கள். அவர்கள் போன் பாழானதற்கு வசவு எனக்கு.

அதற்கு முந்தின திங்கட்கிழமையே நீ அழுதுகொண்டே சொன்னாய், கம்ப்யூட்டரில் எல்லாம் பூட்டிக்கிடக்கிறது, திறக்க எவனோ பணம் கேட்கிறான் என்று. நுகுஅலோஃபாவில் ஆறு வருஷம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்தவன் நான். அப்படிப்பட்டவன் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இந்தக் கதி. போகும்போது ஐந்து விதி எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுத்தானே வந்தேன்? அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதே. வெளியார் பென் டிரைவைச் செருகாதே. சனிக்கிழமை எல்லாவற்றையும் டிஸ்க்கில் காப்பி எடு, எடுத்ததும் உருவி வை. சிவப்பு எச்சரிக்கை வந்தால் எதையும் அழுத்தாதே, இணைப்பைப் பிடுங்கிவிட்டு என்னைக் கூப்பிடு. பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதே. இதில் எது கஷ்டம்? குழந்தை கூடச் செய்யும்.

எதை மீறினாய் என்று மட்டும் எழுது. டிஸ்க் ஏன் செருகியபடி கிடந்தது என்றும் எழுது.

கெலெபி

•

கோலோவாய்
டோங்கா, செப்டம்பர் 14

அன்புள்ள கெலெபிக்கு,

அன்புள்ள என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன், அடிக்க மனமில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

போனை எடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. நீ கத்தி முடிப்பதற்குள் நான் சொல்லவந்தது மறந்துபோகிறது. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

பதினோரு பேர் சிரித்தது உனக்கு வலிக்கிறது. சரி. என்னுடையது என்ன ஆயிற்று என்று ஒரு வரி கேட்டாயா? இரண்டு வருஷம் கெலெபி. நாற்பது பாடத் திட்டங்கள், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிக்க வாசிக்க நான் பதிவு செய்த குரல்கள், ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் எழுதிய குறிப்புகள். சமையலை முடித்துவிட்டு, சீலாவைத் தூங்கவைத்துவிட்டு எழுதியவை. அக்டோபர் முப்பத்தொன்றுக்குள் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பாவிட்டால் டிப்ளோமா இல்லை. டிப்ளோமா இல்லாவிட்டால் அடுத்த வருஷம் அந்த வகுப்பில் வேறு டீச்சர் நிற்பாள். இது உனக்குத் தெரியும். தெரிந்தும் நீ எழுதியது சாமுவேலாவின் ஜோக்கை.

உன் விதிகளில் ஒன்றைக்கூட நான் மீறவில்லை. சனிக்கிழமை காப்பி எடுத்து, டிஸ்க்கை உருவி, அலமாரி மேல் பிஸ்கட் டின்னில் வைத்தேன். அந்த டின் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். திங்கள் பள்ளிவிட்டு வந்து பார்த்தால் டிஸ்க் கம்ப்யூட்டரில் செருகியிருந்தது, அதிலும் எல்லாம் பூட்டு. எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்தே போனேன். சீலாவைக்கூட அதட்டினேன், பாவம்.

அன்று உன் அக்கா வந்துபோயிருக்கிறார். பெரிய பாயைக் காணவில்லை, அதை வைத்துச் சொல்கிறேன். அவரைக் கேட்கலாம் என்றால் பாடகர் குழுவோடு ஏயுவா தீவுக்குப் போயிருக்கிறார். வந்ததும் கேட்பேன்.

நான் கவனக்குறைவானவள் இல்லை. இதை நீ எழுத்தில் ஒத்துக்கொள்ளவேண்டும்.

லோசலின்

•

பண்டாபெர்க்
செப்டம்பர் 25

லோசலின்,

டிஸ்க் தானாக டின்னைத் திறந்துகொண்டு நடந்து வராது. யோசித்துப் பார், ஏதோ அசதியில் விட்டிருப்பாய்.

அக்காவை இதில் இழுக்காதே. பாயைப் பற்றியெல்லாம் குத்திப் பேசாதே. அவர் எடுத்துக்கொண்டால் அது அவருடையது, டோங்காவில் தம்பி வீட்டுப் பொருள் எதுவும் அக்காவுடையதுதான்.

நடந்தது நடந்துவிட்டது. பணம் கேட்பவனுக்கு ஒரு பைசா கொடுக்காதே, கொடுத்தாலும் திறக்கமாட்டான். அந்தக் கம்ப்யூட்டரை இணைப்பில் போடாதே. பள்ளிக் கம்ப்யூட்டரிலிருந்து உன் பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் மாற்று, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறாக வை. என் பழைய கடையில் கொடுத்துப் பார். திறப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கையில்லை, ஆனாலும் கொடு.

சீலாவுக்கு முத்தம்.

கெலெபி

•

கோலோவாய்
அக்டோபர் 9

கெலெபி,

உன் அக்கா வந்துவிட்டார். அனாசெய்னி அக்கா நம் வீட்டு வாசலில் உட்கார்ந்து, நான் போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டு, எந்தக் கூச்சமும் இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். படி.

"ஆமாம்மா, அன்னிக்கு பாட்டு ஏத்த நான்தான் கம்ப்யூட்டர்ல உக்காந்தேன். பாட்டெல்லாம் குழுவோட பென் டிரைவ்ல இருந்துச்சு, பத்துப் பேர் கை மாறி வந்தது. பாஸ்வேர்டு தம்பிகிட்ட கேட்டேன், சொன்னான். செருகினேன், சிவப்பா ஏதோ வந்து பயமுறுத்துச்சு. திரும்பவும் தம்பிக்கு போன் போட்டேன். 'அக்கா, அந்த ஆன்டி வைரஸை நிறுத்திடுங்க'ன்னு எங்க அழுத்தணும்னு ஒவ்வொண்ணா சொல்லிக் குடுத்தான். நல்ல பிள்ளை, வேலை நேரத்துல கூட எடுத்துப் பேசினான். அப்புறம் இடம் பத்தலைன்னு வந்துச்சு. அலமாரி மேல பிஸ்கட் டின்னுல ஒரு டிஸ்க் இருக்குன்னான். நான் என்ன கண்டேன், அவன் சொன்னதைத்தானே செஞ்சேன்?"

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நிஜமாகவே வரவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் தெரிந்தவன் நீ.

இரண்டாம் விதி, நான்காம் விதி, ஐந்தாம் விதி, மூன்றாம் விதி. ஒரே மதியத்தில் நான்கையும் மீறியது நீ. முதல் விதி தப்பித்தது, அன்று அப்டேட் ஏதும் வரவில்லை போலிருக்கிறது. அழுத்தாதே என்று சுவரில் எழுதியவனே எங்கே அழுத்தவேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாய். பதினோரு பேர் சிரித்தபோது உனக்குத் தெரியும். "எதை மீறினாய்" என்று எனக்கு எழுதும்போது தெரியும். "அசதியில் விட்டிருப்பாய்" என்று எழுதியபோதும் தெரியும். நான் பைத்தியமாகிவிட்டேனோ என்று பயந்தேன் என எழுதினேனே, அதைப் படித்த பிறகும் உனக்கு மனசு வரவில்லையே. என் இரண்டு வருஷம் போனதைக் கூட ஒருநாள் மன்னித்துவிடுவேன். இதை எப்படி மன்னிப்பது என்று தெரியவில்லை.

கடையில் திறக்க முடியவில்லை. பல்கலைக்கழகத்தில் கெஞ்சினேன், டிசம்பர் ஐந்து வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். தலைமை ஆசிரியை தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்தார். முதலிலிருந்து எழுதுகிறேன். பிள்ளைகளை மறுபடி வாசிக்கவைத்துப் பதிவு செய்கிறேன். போன வருஷம் திக்கித் திக்கி வாசித்தவர்கள் இப்போது சரளமாக வாசிக்கிறார்கள். முன்னேற்றத்தைக் காட்ட எனக்கு வேண்டியது அந்தத் திக்கல்தான். அதை எங்கே போய்த் தேட?

இப்போது அக்கா கிறிஸ்துமஸ் பாட்டுகளை இந்த லேப்டாப்பில் ஏற்றவேண்டும் என்கிறார். நீயே அவருக்கு எழுது. முடியாது என்று எழுது. ஒரே ஒரு சொல். அதைத் தவிர உன்னிடமிருந்து எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

லோசலின்

•

பண்டாபெர்க்
அக்டோபர் 21

லோசலின்,

திட்டு. நான் திட்டு வாங்கவேண்டியவன்தான். நீ கவனக்குறைவானவள் இல்லை. எழுத்தில் எழுதிவிட்டேன், வைத்துக்கொள்.

முதல் கடிதம் எழுதும்போது, நீயும் ஏதாவது ஒன்றை மீறியிருப்பாய், காரணம் அதுவாகத்தான் இருக்கும் என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன். அதற்குத்தான் அவ்வளவு கத்தல். பூசி மெழுகவில்லை, வெட்கமாக இருக்கிறது.

ஆனால் நீ கேட்பது என்னால் ஆகாது. விவரம் தெரிந்த நாளிலிருந்து அக்கா அறைக்குள் வந்தால் நம் வழக்கப்படி மரியாதைக்கு எழுந்து வெளியே போனவன் நான். அந்தப் பென் டிரைவில் என்ன இருக்கிறது என்று அவரிடம் கேட்கவே எனக்கு வாய் வரவில்லை. உள்ளூரத் தெரிந்தது, அது யார் யார் கையில் கிடந்ததோ என்று. தெரிந்தும், அழுத்துங்கள் அக்கா என்றுதான் நாக்கு சொன்னது. அவரிடம் முடியாது என்று நான் சொன்னதே கிடையாது லோசலின். என் அப்பாவும் தன் அக்காவிடம் சொன்னதில்லை.

நீ பக்குவமாகப் பேசிப் பார். புது ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி அனுப்புகிறேன்.

கெலெபி

•

கோலோவாய்
நவம்பர் 3

கெலெபி,

டிஸ்க் வந்தது. எங்கே வைத்திருக்கிறேன் என்று சொல்லமாட்டேன்.

பக்குவமாகப் பேசிவிட்டேன். அக்கா பென் டிரைவோடு வந்தார். வாசலிலேயே நின்றேன். "தம்பி வீட்டுல எனக்கு இல்லாதது என்னம்மா இருக்கு?" என்றார். "பாய் இருக்கு, பன்னி இருக்கு, கொல்லையில கிழங்கு இருக்கு. எது வேணும்னாலும் எடுத்துக்குங்க அக்கா. இது மட்டும் முடியாது" என்றேன். முகம் கறுத்துவிட்டது. "தம்பிகிட்ட பேசிக்கிறேன்" என்றார். "பேசுங்க" என்றேன். தேநீர் குடிக்காமல் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எங்கள் பெஞ்சில் நானும் சீலாவும் மட்டும். ஊர் முழுக்கப் பேச்சு. பேசட்டும், எனக்கு இன்னும் பதினெட்டுப் பாடம் பாக்கி.

சுவரிலிருந்து உன் விதிகளைக் கிழித்துவிட்டேன். வைரஸைத் தடுக்க உன் ஐந்து விதியும் போதும்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் இந்த வீட்டில் ஓட்டை நீ. அதற்கு நீ விதி எழுதவில்லை, நான் எழுதியிருக்கிறேன். பாஸ்வேர்டு எனக்கு மட்டும் தெரியும். உனக்கும் தெரியாது. மார்ச்சில் நீ வந்த பிறகும் தெரியாது. இதைப் பொறுத்துக்கொள்ள முடியுமானால் வா.

லோசலின்

•

பண்டாபெர்க்
நவம்பர் 16

அன்புள்ள லோசலினுக்கு,

நேற்று அக்கா போன் செய்தார். கிழங்குப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுதான் பேசினேன். உன்னைப் பற்றி நிறையச் சொன்னார். கடைசியில், "அவ கிடக்கட்டும்டா, நீ அந்த பாஸ்வேர்டைச் சொல்லு" என்றார்.

"எனக்குத் தெரியாதுக்கா" என்றேன்.

நம்பவில்லை. "உன் வீட்டுது உனக்கே தெரியாதா?" என்றார். "தெரியாதுக்கா, என்கிட்ட சொல்லமாட்டேன்னுட்டா" என்றேன். பிறகு போனை வைத்துவிட்டார். சாமுவேலா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் சிரிக்கவில்லை. அவனுக்கும் இரண்டு அக்கா.

இதை வீரம் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்த பாஸ்வேர்டு தெரிந்திருந்தால், நேற்றும் சொல்லியிருப்பேன். உன் பதினெட்டுப் பாடமும் நினைவில் இருந்தது, சீலாவும் நீயும் தனியாக உட்கார்ந்த பெஞ்சும் நினைவில் இருந்தது. அப்படியும் சொல்லியிருப்பேன்.

மார்ச்சில் வருகிறேன். வந்து ஒரு வாரத்தில் அக்கா கேட்பார், நான் உன்னிடம் வந்து நயமாகக் கேட்பேன், சண்டை போட்டும் கேட்பேன். அப்போதும் சொல்லாதே.

உன்
கெலெபி