குட்டி அம்புகளின் திசை

ஜூன் 3
பேருந்துப் பயணிகள் அனுப்பும் புகார்களைக் கணினியில் குழுக்களாகப் பிரித்துக் கொடுத்தேன். ஏசி குளிரவில்லை, நடத்துநர் முறைத்தார், செயலி தொங்குகிறது — எல்லாம் அழகாகப் பிரிந்தன. மிச்சம் ஒரு பெரிய குவியல். மேலாளர் அதற்கு 'இதர' என்று பெயர் வைத்தார். "புகாரே வராத ரூட்டுன்னா ஆளே இல்லன்னு அர்த்தம். நிறுத்திடலாம்." நிறுத்தப்போகும் முதல் வண்டி, புறநகரிலிருந்து வரும் விடியற்காலை ஐந்து மணிப் பேருந்து. அக்கா ஆஸ்பத்திரியில் தரை துடைக்கப் போகும் வண்டி.

ஜூன் 4
நீங்கள் யாரும் புகாரே அனுப்ப மாட்டீர்களா என்று அக்காவிடம் எரிந்து விழுந்தேன்.
"அனுப்பாம? வாரம் தவறாம அனுப்புறோம். 'அஞ்சு மணி பஸ் வரல.' வேற என்னடா எழுதணும், கதையா?"
தேடினேன். 'இதர'வில்தான் கிடக்கின்றன. ஏன்?

ஜூன் 6
பிடிபட்டது. என் கணக்கில் ஒவ்வொரு புகாரும் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பும் ஓர் அம்பு. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு திசை, ஆயிரக்கணக்கான திசைகள். நிறைய எழுதினால் நீள அம்பு, மூன்று வார்த்தை என்றால் குட்டி அம்பு. நான் அளந்தது முனைகளுக்கு இடையிலான தூரத்தை. குட்டி அம்புகள் எந்தப் பக்கம் பார்த்தாலும் முனைகள் பக்கத்துப் பக்கத்தில்தானே இருக்கும்! ஆக, நான் பிரித்தது புகார்களை அல்ல. எழுத நேரம் இருப்பவனையும் இல்லாதவனையும். சே. இதற்குச் சம்பளம் வேறு.

ஜூன் 9
எல்லா அம்புகளையும் ஒரே நீளமாக்கினேன். இப்போது முனைகள் அத்தனையும் ஒரு கோளத்தின் மேல். தூரத்தை விட்டுக் கோணத்தைப் பார்த்தேன். இத்தனை ஆயிரம் திசைகளில், சம்பந்தமில்லாத இரண்டு அம்புகள் அநேகமாகச் செங்கோணத்தில்தான் நிற்கும். நாலு பேர் ஒரே பக்கம் சாய்ந்தாலே விஷயம் இருக்கிறது! 'இதர' தனித்தனிக் குழுக்களாக உடைந்தது.

ஜூன் 10
மேலாளர் விடவில்லை. "ஹலோ, சூப்பர், டெஸ்டுன்னு சும்மா தட்டுனவனும் ஒரு பக்கம் எழுதுனவனும் ஒண்ணா தம்பி?"
நியாயமான கேள்வி. கோபத்தோடு மறுபடி கணினி முன் உட்கார்ந்தேன்.

ஜூன் 12
மேலாளருக்குப் பதில் கிடைத்துவிட்டது. செறிவு! ஒரு குழு தன் திசையைச் சுற்றி எவ்வளவு நெருக்கி நிற்கிறது என்பது. குழுவுக்குக் குழு தனியாகக் கணித்தேன். ஒரே ஆள் திரும்ப அனுப்பியதைக் கழித்தேன். சும்மா தட்டியவர்கள் கோளம் முழுக்கச் சிதறிக் கிடந்தார்கள். ஏசிக்காரர்கள் சுமார். ஐந்து மணிக்காரர்கள்போல ஒட்டி நின்றவர்கள் வேறு யாருமில்லை.
மேலாளர் திரையையே பார்த்தார். "இவ்ளோ பேரா? முதல்லயே சொல்லியிருக்கலாமே!"
சொன்னார்கள் சார், வாரம் தவறாமல் — மனதுக்குள் சொல்லிக்கொண்டு, நிறுத்தும் பட்டியலிலிருந்து ஐந்து மணி வண்டியை அவர் கையாலேயே அடிக்கவைத்தேன்.

ஜூன் 23
விடிவதற்குள் அக்காவின் போன். பின்னால் எஞ்சின் சத்தம்.
"பஸ் வந்துடுச்சுடா. உட்காரத்தான் இடமில்ல. இதுக்கும் புகார் அனுப்பவா?"
"அனுப்பு. ரெண்டு வார்த்தை போதும்."