வரைபடத்தில் இல்லாத மேடை

அஸ்ஸலாமு அலைக்கும், அம்மா. முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

இங்கே மூன்று நாட்டுக்காரர்களும் சேர்ந்து கப்பல்களுக்கான கணினி வரைபடம் செய்கிறோமே, அதில் நம் தீவருகே ஒரு புள்ளியைக் காட்டி, "இது உங்க ஊரு கெலோங் மேடையாடா?" என்றார் மலேசியக்கார நோராய்னி அக்கா. அனுமதியில்லாமல் அப்பா கடலில் நட்ட மீன்பிடி மேடை என்று சொல்லக் கூசியது.

"மிதக்குற மரம்க்கா, அழிச்சிடுங்க" என்றேன்.

நம்பி அழித்தார். வரைபடம் எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் போய்விட்டது.

நேற்றுதான் உண்மையைச் சொன்னேன். "அதுல உங்கப்பா ராத்திரி படுத்திருப்பாரேடா" என்றார். உடனே திருத்தம் எழுத உட்கார்ந்தார்.

பயப்படாதீர்கள், திருத்தம் அனுப்பிவிட்டோம். அது கப்பல்களுக்குப் போய்ச் சேரும்வரை அப்பா வீட்டிலேயே தூங்கட்டும். ஏனென்று கேட்டால், காற்று சரியில்லை என்று சொல்லுங்கள்.

அவர் காயவைத்துக் கொடுத்த நெத்திலி தீர்ந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் அனுப்பச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை.

சுல்ஹேன்ட்ரி