ஸ்டுடியோ கம்ப்யூட்டருக்கு மூன்று காவல்

அப்பா, அண்ணன் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதை மட்டும் கேட்காதே என்றீர்கள், கேட்கிறேன்.

நம் ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் மூன்று இலவச ஆன்டிவைரஸை ஒன்றாக ஏற்றியது அவன்தான். அவை ஒன்றையொன்று திருடன் என்று பிடித்துக்கொண்டதில் கம்ப்யூட்டர் நின்றுபோனது. "நீ கை வச்சாலே விளங்காதுடி" என்றான் என்னைப் பார்த்து. இந்த வீட்டின் முதல் பட்டதாரி நான். நீங்களோ டிவி சத்தத்தைக் கூட்டினீர்கள்.

இரண்டை நீக்கிவிட்டேன். வைரஸைப் பிடிக்க இலவசமே போதும். காசு கொடுத்து வாங்கினால், மாட்டிக்கொள்ளும்போது போன் போட்டுக் கேட்க ஓர் ஆள் உண்டு. இதுவரை அந்த ஆள் நான். இனி காசு கொடுத்தே வாங்குங்கள்.

வேலை கிடைத்த ஊருக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன்.

பி.கு.: என்னிடமிருந்த வீட்டுச் சாவி மேசைமேல் இருக்கிறது. மறந்து வைத்ததல்ல.