பக்கத்து அறையில் கேட்டது

நவம்பர் 7, வெள்ளி

காலையில் தூறல். ஷார்ஜாவில் அபூர்வம். கொடியில் கிடந்த வேட்டி நனைந்துவிட்டது.

பக்கத்து அறையில் மீண்டும் அடி. எங்கள் வீட்டில் உள்வாடகைக்கு இருக்கும் பிரபு, மனைவி கவிதாவை. நடுவில் சுவர் இல்லை, பலகைத் தடுப்புதான். எல்லாம் தெளிவாகக் கேட்டது. கதவைத் தட்டினேன். பிரபு எட்டிப் பார்த்தான்.

"ஒண்ணுமில்ல சார், பாத்திரம் விழுந்துச்சு."

பாத்திரம் அழாது என்றேன்.

மகன் முரளிக்குக் கோபம் என்மேல். "அப்பா, ரூமை ஷேரிங் விட்டது ஓனருக்குத் தெரியாது. போலீஸ் வந்தா நாமதான் ரோட்டுல நிக்கணும். உங்க விசாவும் என் பேர்லதான் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

இருக்கிறது. கவிதாவின் விசாவும் அப்படித்தான், கணவன் பெயரில். மருமகள் சுதா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 9, ஞாயிறு

முழங்கால் தைலம் தீர்ந்தது. ரோலா கடைத்தெருவில் வாங்க வேண்டும்.

மாலை, தமிழ்ச் சங்கத்திலிருந்து மூவர், சமரசம் பேச. முரளியின் ஏற்பாடு. தேநீர் போடும்படி கவிதாவிடமே சொன்னார்கள். வீங்கிய கன்னத்தோடு எல்லோருக்கும் கொடுத்தாள், அடித்தவனுக்கும். நான் கோப்பையைத் தொடவில்லை.

பிரபு மூவர் காலிலும் விழுந்து எழுந்தான். "இனிமே நடக்காது சார்." சங்கச் செயலாளர் இளகிவிட்டார். "கோபக்காரப் பய, ஆனா மனசு தங்கம். நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா. வியாழக்கிழமை நடந்ததை அதோட விட்டுரு."

வெள்ளிக்கிழமை என்று திருத்தினேன். அதற்கு முன் அக்டோபர் 22, புதன். அதையும் சொன்னேன். பிறகு, அதுவரை எவரும் கேட்காததை அவளிடம் கேட்டேன். "உனக்கு என்னம்மா வேணும்?"

"இங்கேர்ந்து போகணும் ஐயா."

செயலாளர், ஆறிப்போன தேநீரை ஊதிக்கொண்டிருந்தார்.

நவம்பர் 10, திங்கள்

ஆண்கள் இருவரும் டூட்டிக்குப் போனபின், கவிதாவிடம் என் கைபேசியைக் கொடுத்தேன். அவளுடையதைப் பிரபு தினமும் சோதிப்பான். பெண்கள் காப்பகத்தின் உதவி எண். எடுத்தவர் மலையாளி, தமிழ் பேசினார்.

"பாஸ்போர்ட் அவர்கிட்டதான் இருக்கு மேடம்."

"இருக்கட்டும் மோளே. நீ முதல்ல வா. பாஸ்போர்ட் பிறகு பாக்கலாம்."

டாக்சியில் கொண்டுபோய் விட்டேன். வாசலில் என் காலைத் தொடக் குனிந்தாள். தடுத்துவிட்டேன். நேற்றோடு வெறுத்துப்போன வழக்கம்.

நவம்பர் 12, புதன்

தைலம் வாங்கியாயிற்று. பழைய வாசனை இல்லை.

பிரபு: "எங்க சார் கொண்டுபோய் வெச்சிருக்கீங்க?"

தெரியும், சொல்ல மாட்டேன் என்றேன்.

"வயசானவராச்சேன்னு பாக்கறேன்."

பார்க்க வேண்டாம் என்றேன்.

மதியம் காப்பகத்திலிருந்து அழைப்பு. கவிதா போலீசில் புகார் கொடுத்துவிட்டாள். சாட்சி வேண்டும். எதிர் வீட்டார் எதையும் கேட்கவே இல்லையாம். நான் இருமினாலே கதவைச் சாத்துபவர்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன், நாளை காலை.

இரவுச் சாப்பாட்டின்போது அதை அறிவித்தேன். முரளி கையை உதறினான். "ஸ்டேஷன் படி ஏறினீங்கன்னா டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிருவேன்."

சுதா ரசத்தை மேசையில் வைத்தாள். "மாமா, எனக்கும் கேட்டுச்சு. நானும் வர்றேன்."

முரளி அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

இரண்டு டிக்கெட்டாகப் போடு என்றேன்.