முதலில் தெரிந்தது உன் கால்

திருமழிசை,
தாரண வருஷம், மாசி மாதம்.

அன்பு மகன் துலுக்கானத்துக்கு அம்மா எல்லம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை அன்னம்மாளும் வேம்புலி மாமாவும் கடவுள் புண்ணியத்தில் இருக்கிறோம். கோயம்புத்தூரில் நீ சுகமாக இருக்கிறாய் என்று ஒரு வரி வந்தால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும்.

அண்ணா, அம்மா சொன்னது இவ்வளவுதான். எப்போதும் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன், இந்தத் தடவை இதைச் சொல்லிவிட்டு, "மீதிய நீயே எழுதுடி, எனக்கு வாய் வரல" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். ஐந்தாவதோடு நின்றவள் நான், சொந்தமாக யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. தப்பு இருந்தால் சிரிக்காதே.

முதலில் தெரிந்தது உன் கால்தான். அம்மாவுக்கு முன்னால் நான்தான் பார்த்தேன். கிணற்றுக் கல் விழுந்து பிளந்துபோன பெருவிரல் நகம், திரையில் ஒரு முறம் அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது. "அம்மா, அண்ணன் வந்துட்டான்" என்று நான் கத்தினேன். கடையில் உப்பு கேட்கவே குரல் எழும்பாதவள் அத்தனை பேருக்கு நடுவில் கத்தினேன் என்றால் பார்த்துக்கொள்.

நீ தீபாவளிக்கு எழுதியிருந்தாயே, நான் நடித்த இந்தப் படம் நம் பக்கம் வந்தால் தவறாமல் பாருங்கள், புயலடிக்கும் கட்டம் முடிந்ததும் அரண்மனைக் கதவு திறக்கும், அப்போது நான் வருவேன், கதையே அந்த இடத்தில்தான் திரும்புகிறது என்று. அதற்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதம் இல்லை, நாங்கள் போட்டதற்கும் பதில் இல்லை. பூந்தமல்லி டூரிங் கொட்டகையில் படம் வந்திருக்கிறது என்று வேம்புலி மாமா சொன்னதும் அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. போனவன் திரும்பி வந்தால் வாசலில் நிறுத்தி ஆலம் சுற்றாமல் உள்ளே விடுவோமா, என் பிள்ளை இத்தனை நாள் கழித்துக் கண் முன்னால் வருகிறான், ஊரே அவனைப் பார்க்கும், கண் படாதா என்று மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துத் தாம்பாளத்தில் ஊற்றி, வெற்றிலையில் சூடம் வைத்து, வண்டியில் மடியிலேயே பிடித்துக்கொண்டு வந்தாள். அதே தாம்பாளம்தான் அண்ணா. நீ துண்டைத் தோளில் சுற்றிக்கொண்டு மாட்டுக் கொட்டிலிலிருந்து வீட்டுக்குள் ராஜா மாதிரி வரும்போதெல்லாம் நான் தட்டுவேனே, அது. ஒருத்தன் உள்ளே வருகிற விதத்தை வைத்துத்தான் ஜனங்கள் அவனை ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்பாய். திரும்பத் திரும்ப வெளியே போய் வந்து, "எப்படி வந்தேன், சொல்லு" என்று கேட்பாய். நன்றாக வந்தாய் என்று நான் சொல்கிறவரைக்கும் விடமாட்டாய்.

கொட்டகை வாசலில் டிக்கெட்டுக்காரர் தடுத்தார். "இன்னா ஆயா, சாமி கும்பிட வந்தியா, படம் பாக்க வந்தியா?" என்றார். அம்மா கொஞ்சமும் கூச்சப்படாமல், "எம் புள்ள வரான்பா இதுல" என்றாள். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "கீத்துக் கொட்டாய், சூடம் ஏத்தினா எல்லாரும் ஒண்ணாப் போய்ச் சேந்துடுவோம்" என்று நெருப்புப் பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டார். பெண்கள் பக்கத்தில் மணலில் முன்னால் போய் உட்கார்ந்தோம். அம்மா பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள். ராஜா வரும்போது முதலில் குதிரைக் குளம்பு, அப்புறம் அவர் செருப்பு, அப்புறம் உடைவாள், கடைசியில்தான் முகத்தைக் காட்டினார்கள். ஆண்கள் பக்கம் ஒரே விசில். மந்திரி வரும்போது நிழல் மட்டும் படியேறி வந்தது. மாமா தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "நெயலே இப்டிக் கீதே, ஆளு எப்டி இருப்பான்!" என்றார். அம்மா என் காதில், "நம்பளவன இன்னும் ஒசத்தியா காட்டுவாங்க பாரேன்" என்றாள்.

அப்புறம் புயல். அது முடிந்ததும் கதவு திறந்தது. நீ சொன்ன மாதிரியே. முதலில் கால். ராஜாவுக்கும் கால்தானே முதலில் வந்தது, அதனால் கொட்டகையே விசில் அடித்தது. அம்மா எழுந்து நின்று தாம்பாளத்தைத் தூக்கிச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். பின்னாலிருந்து, "ஒக்காரு ஆயா, மறைக்குது" என்று கத்தினார்கள். அம்மா சுற்றிக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் மற்றதையும் காட்டினார்கள். கால் நடக்கவில்லை. நாலு பேர் உன்னை மூங்கிலில் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

தாம்பாளம் விழுந்து முன்னால் இருந்தவர்கள் புடவையெல்லாம் ஆலம். அம்மா தலையை அவிழ்த்துப்போட்டுக்கொண்டு மார்பில் அடித்து அழுதாள், உன் பேரைச் சொல்லி. முதலில் சிரித்தார்கள் அண்ணா. பிறகு யாரும் சிரிக்கவில்லை. மிஷினை நிறுத்தி விளக்குப் போட்டார்கள். மாமா ஓடிவந்து, "யக்கா, நடிப்புக்கா, அவன் எழுந்து போய் டீ குடிச்சிருப்பான்க்கா" என்றார். ஒரு கிழவி, உயிரோடு இருக்கிறவனுக்கு அழுதால் ஆயுசு கூடும் என்று சொல்லி அம்மா தலையை முடிந்துவிட்டாள். விளக்கை அணைத்து மறுபடி படத்தை ஓட்டியபோது அந்த ராணி வேஷக்காரி உன் மேல் விழுந்து, "அண்ணா, அண்ணா" என்று அழுதாள். அவள் உனக்குத் தங்கையாம் கதையில். எனக்கு அழுகை வரவில்லை, அவள் மேல் கோபம்தான் வந்தது.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அம்மா கஞ்சியைத் தொடவில்லை. நடிப்பென்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. "நடிப்புன்னு எனக்குத் தெரியாதாடி? படம் புடிச்சது எப்பவோ. அதுக்கப்புறம் ஒரு காயிதம் கீதா? அவன் காலைப் பாத்தியா, சோறு கண்ட காலா அது? பொணத்துக்கு வேஷமே போடாம இட்டாந்துட்டானுங்கடி" என்றாள். நானும் பார்த்தேன் அண்ணா. கணுக்கால் எலும்பு அப்படித் துருத்திக்கொண்டு இருந்தது. உன் நெஞ்செலும்பை எண்ணிவிடலாம் போல இருந்தது.

அவள் அப்படியே கிடப்பதைப் பார்க்க முடியாமல், "அம்மா, அந்தப் பொண்ணு மேல வுழுந்தப்போ அண்ணன் கால் விரல் அசஞ்சிது, நான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டேன். நான் பார்க்கவில்லை. உனக்குக் காலைத் தொட்டால் கூசுமே, அது ஞாபகம் வந்தது, சொல்லிவிட்டேன். அம்மா உடனே எழுந்து உட்கார்ந்து, "எனக்குக் காட்டு" என்றாள். தலை சீவிக்கொண்டாள், கொஞ்சம் கஞ்சி குடித்தாள். படம் மாற்றுவதற்குள் மாமா மறுபடி வண்டி கட்டினார். இந்தத் தடவை தாம்பாளம் எடுத்துவரவில்லை. அதே இடத்தில் உட்கார்ந்தோம். கதவு திறந்தது, கால் வந்தது, விசில் வந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் மேலே விழுந்து அழுது முடிக்கிறவரை இரண்டு பேரும் இமைக்கவில்லை. பிறகு அம்மா மெதுவாக, "ஆமாண்டி, அசஞ்சிது. பாத்தேன்" என்றாள். நானும் ஆமாம் என்றேன்.

அசையவில்லை அண்ணா. மூச்சுக்கூடத் தெரியவில்லை. அவ்வளவு நன்றாகப் படுத்திருந்தாய். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்வாள், இந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் படிப்பேன்.

நீ சொன்னது எதுவும் பொய் இல்லை. கதை அந்த இடத்தில்தான் திரும்பியது. ராஜாவை மறந்துவிட்டார்கள், உன்னைத்தான் பேசிக்கொண்டு போனார்கள். ஆனால் எப்படி வந்தேன் என்று இந்தத் தடவை என்னைக் கேட்காதே. வேஷம் கிடைக்கவில்லை என்றால் வெட்கப்படாதே, ஆவடியில் மிலிட்டரிக்காரர்கள் ஆள் எடுக்கிறார்கள், மாமா சொல்லி வைத்திருக்கிறார். அதுவும் வேண்டாமென்றால் நம் கிணற்றில் இறைக்கிற வேலை இருக்கிறது. துண்டும் வேண்டாம், தாம்பாளம் தட்டவும் வேண்டாம். பூந்தமல்லியில் பஸ்ஸை விட்டு இறங்கி உன் காலால் நடந்து வா. வந்ததும் உள்ளே நுழைந்துவிடாதே, வாசலில் நின்று கூப்பிடு. அம்மா மஞ்சளையும் சுண்ணாம்பையும் மாடத்தில் எடுத்து வைத்திருக்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடு. ஒரு கார்டாவது போடு. எல்லையம்மன் உனக்கு நிறைய ஆயுசு கொடுக்கட்டும், இது அம்மா சொல்லச் சொன்னது.

இப்படிக்கு,
உன் அம்மா எல்லம்மா, கைநாட்டு.
எழுதியது தங்கை அன்னம்மாள்.

அம்மாவை எழுப்பி, பெருவிரலில் மை தடவி, மேலே உள்ள கைநாட்டை வைக்கச் சொன்னேன். ஈரமாக இருந்தது. காயும்வரை ஊதினேன்.