பிஞ்சு இல்லாத பூ

என் அன்பு மனைவிக்கு,

நான் சௌக்கியம். இங்கே தும்முவதுகூட மகரந்தத்தால்தான், சளியில்லை. அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா?

செடி வளர்க்கும் கண்ணாடிக் கொட்டகையில் என்னைப் பூசணிக்கு மாற்றிவிட்டார்கள். பிஞ்சில்லாத பூவெல்லாம் தெண்டச்சோறு என்று ஒரு வரிசை முழுக்கக் கிள்ளிப் போட்டேன். மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார். “அடப்பாவி, அதெல்லாம் ஆண் பூய்யா! அது இல்லாம பெண் பூ எப்படிக் காய்க்கும்?” உள்ளே வண்டும் வராது. அதனால் பக்கத்து வரிசை ஆண் பூக்களைப் பறித்து நானே ஒவ்வொன்றாகத் தடவுகிறேன். இப்போது எல்லோருக்கும் நான்தான் ‘வண்டு’.

நம் வீட்டுப் பூசணிக்கொடி பூத்துப் பூத்துக் கொட்டுகிறது என்றாயே, அதைத் திட்டாதே. காலையில் ஆண் பூவின் இதழைப் பிய்த்துவிட்டு, அடியில் பிஞ்சுள்ள பூவின் நடுவில் தடவு. காய் பிடித்ததும் போட்டோ அனுப்பு. நீயும் சின்னவளும் பக்கத்தில் நில்லுங்கள், காயின் அளவு தெரிய வேண்டாமா?

நம் கொடியின் முதல் காயை எனக்காக வைத்திருக்கலாமா என்று மேஸ்திரியைக் கேட்டேன். “உன் லீவுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு, அதுவரைக்கும் காய் தாங்காது, விதைதான் தாங்கும்” என்றார். அதனால் நீங்கள் சாப்பிடுங்கள். விதையை மட்டும் கழுவிக் காயவைத்து எடுத்து வை.

வேலைக்கு ஏற்றிப்போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது.

உன் வண்டு